எக்ஸ்பாட்: இடம் மாறிக்கொண்ட இரண்டு சொற்கள்

ஹாங்காங்கில் வாழும் வசதியான வெளிநாட்டுக் குடும்பங்களைப் பற்றிய 'எக்ஸ்பாட்ஸ்' தொடர் 2024 ஜனவரியில் அமேசான் பிரைமில் வந்தபோது, நண்பர் ஒருவர் அதை ஒரே வரியில் சொல்லி முடித்தார்: "புலம்பெயர்ந்த பணக்காரர்களின் சோகக் கதை." வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கோ நெருடியது. நிக்கோல் கிட்மன் ஏற்றிருக்கும் பாத்திரத்துக்குப் பெரிய வீடு, வீட்டு வேலைக்கு ஆள், கணவருக்குக் கொழுத்த சம்பளம் என்று எல்லாம் இருக்கிறது. அவரைப் 'புலம்பெயர்ந்தவர்' என்றால் காது ஒப்பமாட்டேன் என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வரும் முகங்களே வேறு.

அப்படியானால் எக்ஸ்பாட்டுக்குத் தமிழ் என்ன?

முதலில் சொல்லைப் பிரித்துவிடலாம். 'எக்ஸ்பேட்ரியேட்' என்பதன் சுருக்கம்தான் எக்ஸ்பாட். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பாத்ரியா' என்றால் தந்தை நாடு. பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது வினைச்சொல்; பொருள், நாடு கடத்துவது. ஒருவரைப் பிடித்து எல்லைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. பிறகு தானாகக் கிளம்பிப் போவதையும் அது குறித்தது. குடியுரிமையைக் கைவிடுவது என்ற சட்டப் பொருளும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கா 1868இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஒருவர் தன் குடியுரிமையைத் துறப்பது அவரது இயல்பான உரிமை என்றது அது. 1920களில் பாரீஸில் போய் உட்கார்ந்த அமெரிக்க எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் சொல்லப் பயன்பட்டபோது இதற்கு ஒரு மினுக்கு வந்தது. அப்புறம் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் ஆட்களை இரண்டு மூன்று வருடத்துக்கு வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பத் தொடங்கின. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போய்வர விமானச் சீட்டு எல்லாம் கம்பெனி கணக்கில். இன்று எக்ஸ்பாட் என்றதும் கண்முன் வருபவர் இவர்தான். (எழுத்தைக் கோட்டைவிட்டு இதை 'எக்ஸ்-பேட்ரியட்', அதாவது 'முன்னாள் தேசபக்தர்' என்று பொருள்படும்படி எழுதுகிறவர்கள் ஆங்கிலத்திலேயே நிறையப் பேர். அது வேடிக்கையான பிழை, அவ்வளவுதான்.)

ஆக, துரத்தப்பட்டவனைக் குறித்த சொல் தூக்கி உட்காரவைக்கப்பட்டவனுக்குப் போய்விட்டது.

நம் பக்கம் நடந்தது இதற்கு நேர் எதிர். 'புலம்பெயர்' என்பது நேற்று உருவாக்கிய கலைச்சொல் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் 'மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' என்று வருகிறது. புலம் என்றால் நிலம், நாடு. பெயர்தல் என்றால் இருந்த இடத்தைவிட்டு நகர்தல். சுவரில் காரை பெயர்ந்து வருகிறதே, அதே வினை. அந்தப் பாட்டில் வரும் புலம்பெயர் மாக்கள் அகதிகள் அல்லர், கூலிகளும் அல்லர். கப்பலில் சரக்கோடு வந்து துறைமுகத்தில் தங்கிய பல மொழி வணிகர்கள்.

சிலப்பதிகாரம் இன்னும் கிட்டத்தில் போய்க் காட்டுகிறது. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் 'காண்போர்த் தடுக்கும் பயனறவு அறியா யவனர் இருக்கை' வருகிறது. போகிற வருகிறவர்களை நடையை நிறுத்திப் பார்க்கவைக்கும், வருமானம் வற்றாத யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் வீடுகள். அடுத்த வரியிலேயே 'கலம்தரு திருவின் புலம்பெயர் மாக்கள்', கப்பல் கொண்டுவந்த செல்வத்தை உடையவர்கள். பணக்கார வெளிநாட்டினர் குடியிருக்கும் பகுதியை உள்ளூர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? ஒரு வெப் தொடரின் முதல் காட்சியே இதில் இருக்கிறது.

அந்தச் சொல்தான் கை மாறியது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள் 'புலம்பெயர் தமிழர்' ஆனார்கள். அவர்கள் எழுதியது 'புலம்பெயர் இலக்கியம்' ஆனது. 2020 ஊரடங்கில் தலையில் மூட்டையோடு நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களைச் செய்திகள் 'புலம்பெயர் தொழிலாளர்' என்றன. இன்று இந்தச் சொல்லில் இழப்பின் வாடை அடிக்கிறது. நண்பரின் வரி நெருடியது அதனால்தான். பழைய பொருளில் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி.

இந்த மாதிரிச் சறுக்கியது இது ஒன்று மட்டும் இல்லை. 'பரதேசி' என்றால் பிற தேசத்தவன், அவ்வளவுதான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் ஆலயத்துக்குப் பரதேசி சினகாக் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் ஆலயம் என்பதே பொருள். தமிழில் இன்று அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான்.

சரி, தொடருக்கு வருவோம். கதை நடப்பது 2014இல், ஜனநாயகம் கேட்டு மக்கள் தெருவில் இறங்கிய குடைப் போராட்டக் காலத்தில். லூலு வாங் இயக்கிய ஆறு பகுதிகள். படப்பிடிப்பின்போதே புகைச்சல் கிளம்பிவிட்டது. 2021 ஆகஸ்டில் ஹாங்காங்குக்குத் திரும்பிய சொந்த ஊர்க்காரர்களே கொரோனாக் கட்டுப்பாட்டால் ஓட்டல் அறையில் மூன்று வாரம் வரை அடைந்து கிடந்தபோது, கிட்மனுக்கும் படக்குழுவினர் சிலருக்கும் தனிமைப்படுத்தலிலிருந்து விலக்குக் கிடைத்தது. எக்ஸ்பாட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை அகராதிக்காரரால் தயாரிக்க முடியாது. தொடர் வெளியானபோது அதை ஹாங்காங்கில் பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு கூத்து.

வசதி படைத்தவர்களின் கண்ணீருக்கு இத்தனை நேரமா என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கும் முதல் சில பகுதிகளில் அந்த அலுப்பு வந்தது. ஆனால் ஐந்தாம் பகுதி ஒரு முழுப்பட நீளத்துக்கு விரிந்து, அதுவரை தட்டு எடுத்துக்கொண்டிருந்த பிலிப்பீன்ஸ் பணிப்பெண்களின் பக்கம் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பகுதியில், வங்கிக் கட்டடங்களின் அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்து, ஊருக்குப் பேசுகிறவர்கள் இவர்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பணியாளர்கள் அந்த நகரத்தில். 2003 முதல், வேலை பார்க்கும் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது ஒப்பந்த விதி. ஆகவே அடுக்ககத்தில் சமையலறைக்குப் பின்னால் காலை நீட்டினால் சுவர் இடிக்கும் ஓர் அறை. அதுவும் இல்லாத வீடுகளில் கிடைத்த மூலை. அப்பார்ட்மென்ட் என்ற சொல்லின் வேரில் 'பிரித்து வைப்பது' என்ற பொருள்தான் இருக்கிறது. நம் 'அடுக்ககம்' ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதைச் சொல்கிறது. அந்தப் பின்னறைக்கு இரண்டுமே பொருந்தும்.

அந்த அறையில் படுக்கும் பணிப்பெண்ணும் நாடு விட்டு வந்தவர்தான், எஜமானியும் நாடு விட்டு வந்தவர்தான். ஒருவர் எக்ஸ்பாட், மற்றவர் 'ஹெல்பர்'. சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. ஏழு வருடம் தொடர்ந்து வாழ்ந்த வெளிநாட்டவர் ஹாங்காங்கில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். வீட்டுப் பணியாளர்களின் வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது. 2013இல் அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வளைகுடா நாடுகள் இந்த விஷயத்தில் விசித்திரமானவை. அங்கே வங்கி மேலாளரும் எக்ஸ்பாட், சாரம் கட்டுகிறவரும் எக்ஸ்பாட். சொல்லில் மட்டும் சமத்துவம்.

இப்போது தமிழுக்கு. அகராதி வழியில் 'நாடு துறந்தோர்' என்று ஆக்கலாம்; ஆனால் எக்ஸ்பாட் எதையும் துறப்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். 'குடியேறியவர்' என்றால் தங்கிவிட்டவர் என்றாகிவிடும். 'வந்தேறி' வசவு. கடலோர முஸ்லிம் ஊர்களில் 'சபுராளி' என்றொரு அழகான சொல் உண்டு. பயணம் என்ற பொருளுடைய அரபுச் சொல் 'சஃபர்' அதன் வேர். சம்பாதிக்க வெளிநாடு போய், மனத்தை ஊரில் விட்டு வைத்திருப்பவர். ஆனால் அதைத் தூக்கி ஹாங்காங் வங்கியாளர் தலையில் வைத்தால் பொருந்தாது. தமிழ்நாடு அரசு ஜனவரி 12ஐ 'அயலகத் தமிழர் தினம்' என்று கொண்டாடுகிறது. அந்த 'அயலகம்' நல்ல சொல். பழுதில்லாதது, வாடை ஏறாதது.

அதனால் எழுத்தில் நான் 'அயலக வாழ்நர்' என்று போடுகிறேன். அலுவலக ஆவணம் என்றால் 'அயலகப் பணியாளர்'. இதில் ஒரு சங்கடம் உண்டு: சமையலறைக்குப் பின்னால் படுத்திருக்கும் பெண்ணுக்கும் இந்தச் சொல் அப்படியே பொருந்திவிடுகிறது, ஆங்கிலம் காட்டி வைத்த வர்க்க வேறுபாடு தமிழில் காணாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் குறை என்பார். தொடரின் பெயரைத் தமிழில் எழுதும்போது மட்டும் அவர் கட்சியில் சேர்ந்து 'எக்ஸ்பாட்ஸ்' என்றே விட்டுவிடுவேன். மற்ற இடங்களில் அந்தக் குறை இருந்துவிட்டுப் போகட்டும்.