மாற்றுத் தோற்றத்தை நிறங்கள் டேபிளில் போடாதீர்கள்

மறுபடியும் அதே டேட்டாபேஸ் ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு). நிறங்கள் டேபிளில் சிவப்பு, நீலம், பச்சை. அவற்றுக்குக் கீழேயே ‘பழைய பாணி நீலம்’ என்ற மாற்றுத் தோற்றம். மெய்நிகர் செல்லப்பிராணிக்கு உடை மாட்டும் வெப் ஆப்களில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. திரையில் வேறு மாதிரி தெரிகிறது, அப்படியானால் இன்னொரு நிறம்தானே என்ற நினைப்பு.

இல்லவே இல்லை. நிறம் பிராணியுடையது. மாற்றுத் தோற்றம், அதாவது ஸ்டைல், அதன் மேல் போர்த்துவது. ஒரு சிவப்புப் பூனைக்குப் ‘பழைய பாணி நீலம்’ போட்டால் அது உள்ளே சிவப்பாகத்தான் இருக்கிறது. கழற்றியதும் சிவப்பு திரும்பி வர வேண்டும். நிற நெடுவரிசையிலேயே (column) ஸ்டைலை எழுதினால் சிவப்பு அழிந்துவிடும், எங்கிருந்தும் மீட்க முடியாது. ஸ்டைலின் பெயரில் உள்ள ‘நீலம்’ வரிசைப்படுத்த உதவும் அடையாளம் மட்டுமே. பிராணியின் நிறத்தோடு அதை ஒப்பிட்டு வேலிடேஷன் (சரிபார்ப்பு) வைக்காதீர்கள்.

இன்னும் கேளுங்கள். 50 இனங்கள் இருக்கும் ஆப்பில் ஒரு நிறத்தைச் சேர்த்தால் இனத்துக்கு ஒன்றாக 50 கட்டங்கள் திறக்கும். ஸ்டைல் வரையப்பட்டது ஓர் இனத்துக்குத்தான் என்றால் மீதி 49 கட்டங்களில் வெற்றுத் திரை. நிறத்துக்கு மகிழ்ச்சி, சோகம், நோய் என்று முகபாவனைகள் உண்டு; ஸ்டைலுக்கு ஒரே படம் இருக்கலாம். சோக முகத்தைத் தேடும் நிரல் அங்கே கைவிரிக்கும்.

உடை பொருந்துவது நிறத்துக்கு அல்ல, உடம்புக்கு. ஒரே உடம்புள்ள பத்து நிறங்களுக்கு ஒரே சட்டைப் படம் போதும். ஸ்டைலில் கழுத்தும் காதும் வேறு இடத்தில் இருக்கும். பழைய பாடி ஐடியையே (உடம்பு வடிவத்தின் அடையாள எண்) கொடுத்தால் தொப்பி காதுக்கு மேலே அந்தரத்தில் மிதக்கும், சட்டைக் காலர் வாயை மூடும்.

ஸ்டைலுக்குத் தனி டேபிள் வையுங்கள்: ஐடி, இனம், பாடி ஐடி, பெயர், லேயர்கள் (அடுக்குப் படங்கள்). அவுட்ஃபிட்டில் (பயனர் சேமிக்கும் பிராணியும் உடைகளும்) இனம், நிறம், பாவனை மூன்றும் அப்படியே இருக்கட்டும். காலியாக (null) இருக்க அனுமதிக்கும் ஸ்டைல் ஐடி ஒன்றைச் சேர்த்தால் போதும். ஸ்டைல் ஐடியையும் இனத்தையும் சேர்த்தே ஃபாரின் கீ (ஸ்டைல் டேபிளில் உள்ளதை மட்டும் ஏற்கும் இணைப்பு) போடுங்கள், நாய்க்குப் பூனை ஸ்டைல் ஏறாது. வரையும்போது ஸ்டைல் இருந்தால் பிராணியின் சொந்த லேயர்களை எடுத்துவிட்டு ஸ்டைலுடையவை. பாடி ஐடியும் ஸ்டைலுடையதே. இந்த முடிவை ஒரே ஃபங்ஷனில் எழுதி, தேடல், பொருத்தச் சோதனை, படம் உருவாக்கம் மூன்றும் அதையே கூப்பிடட்டும். தனித்தனியாக எழுதினால் தேடல் ‘பொருந்தும்’ என்று சொல்லும், கேன்வாஸில் ஒன்றும் வராது. பின்னணிப் படம் போல எல்லா உடம்புக்கும் பொதுவானவை மட்டும் பாடி ஐடி பார்க்கும் இந்த வடிகட்டலில் தப்ப வேண்டும்.

ஸ்டைல் மாற்றும்போது பொருந்தாத உடைகளைத் தயவுசெய்து அழிக்காதீர்கள். பயனர் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை அவை. பட்டியலில் மங்கலாக வைத்து, ‘இந்தத் தோற்றத்துக்குப் பொருந்தாது’ என்று காட்டுங்கள். ஸ்டைலைக் கழற்றியதும் தானாகத் திரும்பட்டும். கேஷ் கீயில் (சேமித்து வைத்த படத்தைத் தேடும் அடையாளம்) ஸ்டைல் ஐடி கட்டாயம், விட்டால் பழைய படமே வரும்.

ஏற்கெனவே நிறமாகச் சேமித்துவிட்டீர்களா? முதலில் பேக்கப். பிறகு அந்த ஐடிகளை ஸ்டைல் நெடுவரிசைக்கு நகர்த்துங்கள். தொலைந்த அசல் நிறத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம்; தற்காலிக நிறம் ஒன்றை வைத்து அந்த அவுட்ஃபிட்டைக் குறியிட்டு, உரியவர் அடுத்த முறை திறக்கும்போது அவரிடமே கேளுங்கள்.