கிரைண்ட்கோர்: அரவை இசை என்று ஏன் சொல்கிறேன்

கிரைண்ட்கோர் என்ற இசைவகையின் பெயரைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேருக்கு வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர்தான் கண்முன் வரும். வரட்டும். அந்த இசையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. "உலகத்திலேயே வேகமான இசை", "ஒரே கூச்சல்" என்று விளக்கம் சொல்பவர்கள் சொல்லுக்குள் இருக்கும் கல்லைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள், அப்புறம் ஒரு ஆல்பம் நல்லதா இல்லையா என்பதையும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணித் தீர்மானிக்கிறார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது தெளிவாகிவிடும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கத்து நேபாம் டெத் குழுவில் டிரம்ஸ் வாசித்த மிக் ஹாரிஸ்தான் இந்தச் சொல்லைக் கட்டியவர். நியூயார்க்கின் ஸ்வான்ஸ் குழுவின் இசைத்தட்டை 1984-இல் வாங்கிக் கேட்டபோது, அதைச் சொல்ல 'கிரைண்ட்' என்ற ஒரு சொல்தான் தனக்குக் கிடைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் காலத்து ஸ்வான்ஸ் வேகத்தின் பக்கமே போகாத குழு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சுத் திணறும், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக நகரும் இசை அது. வேகம் வேறு வழியில் வந்தது. மாசசூசெட்ஸின் சீஜ், மிச்சிகனின் ரிபல்ஷன் போன்ற குழுக்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன. ஹாரிஸ் வேகத்துக்குப் பெயர் வைக்கவில்லை, அந்த நசுக்கும் கனத்துக்குத்தான் பெயர் வைத்தார்.

பின்பாதியான 'கோர்', பங்க் ராக்கின் முரட்டு வேக வகையான ஹார்ட்கோர் பங்க்கிலிருந்து ஒடித்து எடுத்தது. வான்கூவரின் டி.ஓ.ஏ. குழு 1981-இல் தன் ஆல்பத்துக்கே 'ஹார்ட்கோர் 81' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் பரவியதில் அதற்கு நல்ல பங்கு உண்டு. பிரிட்டனில் கட்டடவேலை செய்பவர்களைக் கேட்டால் ஹார்ட்கோர் என்பது அடித்தளத்தில் கொட்டி இறுக்கும் செங்கல் உடைசலும் கல்லும்தான் என்பார்கள். எனக்கு இந்தப் பொருள் மிகவும் பிடிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

கிரைண்ட் என்ற ஒரே ஆங்கிலச் சொல் செய்யும் வேலையை நம் சமையலறை நாலைந்து சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. உரலில் இடிக்கிறோம், ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறோம், திரிகையில் திரிக்கிறோம், அம்மியில் அரைக்கிறோம். இடிப்பது மேலிருந்து கீழே விழும் அடி. அரைப்பது அப்படியல்ல, இரண்டு கல்லுக்கு நடுவே ஒன்று மாட்டிக்கொண்டு தேய்ந்து நைந்து போவது. ஹாரிஸ் சொன்னது இந்த இரண்டாவதை. ஆனால் 'அரை' என்று மட்டும் எழுதினால் பாதி என்ற பொருளும் கூடவே வந்துவிடும், 'அரையிசை' என்று யாராவது எழுதினால் அரைகுறை இசை என்றுதான் படிப்பார்கள். அதனால் நெல் அரவை, கரும்பு அரவை, அரவைக் கூலி என்று இன்றும் மக்கள் வாயில் இருக்கும் 'அரவை'தான் சரியான சொல். ஆலையின் சத்தமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். சொற்பிறப்பில் சொந்தம் கொண்டாடவில்லை, ஆனாலும் ஒலியைக் குறிக்கும் 'அரவம்' காதுக்குப் பக்கத்திலேயே நிற்பது ஒரு சந்தோஷம்.

கோருக்கும் நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: காழ். மரத்தின் உள்ளே இறுகிப்போன பகுதி. "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்று தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் பிரிப்பதே காழ் வெளியிலா உள்ளேயா என்பதை வைத்துத்தான். முள்மரம் "காழ்த்த இடத்து" வெட்டுபவன் கையையே பதம் பார்க்கும் என்று குறளும் சொல்கிறது. பேச்சில் இதையே வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். ஆக, முழுசாக மாற்றினால் 'அரவைக்காழ்'. அகராதிக்கு இது போதும், பேச்சுக்கும் எழுத்துக்கும் 'அரவை இசை' என்றாலே போதும்.

கிரைண்ட்கோருக்குப் பக்கத்து வகையான டெத் மெட்டலை அவ்வளவு மெனக்கெட்டுப் பெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அது பொசஸ்டு குழுவின் 1985 ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் பெயர், அதே காலத்தில் ஃபுளோரிடாவில் டெத் என்றே ஒரு குழு இருந்தது, அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். 'மரண உலோகம்' என்று எழுதினால் ஈயமும் பாதரசமும் கலந்த தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. பெயரைப் பெயராக விட்டுவிடலாம். அதில் அடித்தொண்டையில் பாடும் குரலுக்கு மட்டும் உறுமல் என்ற சொல் கச்சிதம்.

இனி அரவை என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அரைப்பதற்கு இரண்டு கல் வேண்டும், ஒன்று அசையாமல் கிடக்க வேண்டும், இன்னொன்று சுற்ற வேண்டும். பேஸ் கிடாரும் கீழிறக்கிச் சுருதி கூட்டிய கிடாரும் கிடக்கும் கல், டிரம்ஸ் சுற்றும் குழவி. பிளாஸ்ட் பீட் என்கிறார்களே, ஸ்னேர் என்ற கை டிரம்மும் கிக் என்ற கால் டிரம்மும் மாறி மாறி விழும் அந்த அடி, அது ஒரே உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவது போலத்தான், ஒரு கணம் பிசகினாலும் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும். உலக்கையடி என்றே சொல்லலாம். ஆனால் கீழ்க்கல் இல்லாமல் உலக்கையடி மட்டும் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் அது தகரத்தில் கொட்டும் மழை, அரவை ஆகாது. டெரரைசர் குழுவின் 'வேர்ல்ட் டவுன்ஃபால்' ஆல்பம் இதற்கு நல்ல பாடம். 1989-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது, பீட் சாண்டோவல் டிரம்ஸ், 16 பாட்டு, சுமார் 36 நிமிடம். வேகம் பயங்கரம்தான், இருந்தாலும் ஜெஸ்ஸி பின்டாடோவின் கிடார் ஓர் இடத்தில் கால் ஊன்றி நிற்பதால் ஒவ்வொரு அடியும் எதன் மேலோ விழுகிறது என்பது தெரிகிறது. நான் இந்த வகையில் யாருக்காவது ஒரே ஒரு ஆல்பம் கொடுப்பதென்றால் இதைத்தான் கொடுப்பேன்.

நேபாம் டெத்தின் 'ஸ்கம்', 1987, இயர்ஏக் நிறுவன வெளியீடு. இசைத்தட்டின் முதல் பக்கம் 1986 ஆகஸ்டில் பர்மிங்காமின் ரிச் பிட்ச் ஸ்டுடியோவில் 50 பவுண்டு செலவில் பதிவானது, இரண்டாம் பக்கம் அடுத்த ஆண்டு மே மாதம். நடுவில் குழுவே கலைந்து மாறிவிட்டது, இரண்டு பக்கத்திலும் இருப்பவர் ஹாரிஸ் ஒருவர்தான். பேச வருபவர்கள் எல்லாரும் முதல் பக்கக் கடைசியில் வரும் 1.316 நொடிப் பாட்டை, அதான் கின்னஸில் இடம்பிடித்த 'யூ சஃபர்', அதைத்தான் பேசுவார்கள். ஆல்பம் எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள். தாளத்தில் ஓட்டமே இல்லாமல், இரைச்சலை இழுத்து இழுத்து, கல்லை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது போல ஒரு நிமிடம் போகிறது. அதற்குப் பிறகுதான் ஓட்டம். ஸ்வான்ஸிலிருந்து வந்த சொல் அந்த ஒரு நிமிடத்தில் அப்படியே இருக்கிறது.

அம்மி வழுவழுத்துப் போனால் மசியாது, கொத்த வேண்டும். இசைப்பதிவும் அப்படித்தான். ஒவ்வொரு டிரம் அடியையும் கணினியில் நேராக்கி, முன்பே பதிவு செய்து வைத்த ஒரே அடியின் ஒலியை அதன் மேல் ஒட்டி, கிடாரைக் கண்ணாடி போலத் துடைத்து வரும் பல புது ஆல்பங்களில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான்: கல்லில் கொத்தே இல்லை. வாசிப்பு பிரமாதம், உரசல் மட்டும் காணோம். மறுபக்கம், கார்கஸ் குழுவின் 'ரீக் ஆஃப் ப்யூட்ரிஃபேக்‌ஷன்' 1988-இல் வந்தபோது அதன் சேறு போன்ற ஒலிப்பதிவில் குழுவுக்கே திருப்தியில்லை, பிபிசி வானொலியின் ஜான் பீல் அதை அந்த ஆண்டில் தனக்குப் பிடித்த ஆல்பம் என்றார். பீல் பக்கம்தான் நான். ஆனால் தெளிவு இருந்தாலே அரவை போய்விடும் என்றும் இல்லை. ஸ்வீடனின் நாசும் குழுவுடைய 'ஹெல்வெடே' ஆல்பத்தில், 2003, ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும், கொத்தும் அப்படியே இருக்கும். அதில் பாடி, கிடாரும் வாசித்த மியெஷ்கோ டலார்சிக் 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்துபோனார். அந்த ஆல்பத்தைப் போடும்போதெல்லாம் அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஸ்வீடிஷ் டெத் மெட்டலுக்கு அரவை என்ற சொல் கொஞ்சம் பொருந்தாது. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ட் குழு பதிவு செய்து 1990-இல் வெளியிட்ட 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தின் கிடாரை எடுத்துக்கொள்ளுங்கள், கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் நிறுவனத்தின் எச்.எம்.2 பெடலில் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருப்பிவிட்டு எடுத்த ஒலி அது. கல்லின் சத்தமில்லை, இரும்பில் அரம் ஓடும் சத்தம். அதற்கு 'அராவல்' என்று தனியாகச் சொல்வேன். அரவை, அராவல், உலக்கையடி, உறுமல், கொத்து, கீழ்க்கல் என்று இவ்வளவு சொல் கையில் இருக்கும்போது "செம வெறித்தனம்" என்ற ஒன்றையே எல்லா ஆல்பத்துக்கும் போட வேண்டியதில்லை. நான் என் கேட்டல் நோட்டில் எழுதி வைத்திருப்பது இப்படி: ஸ்கம், கீழ்க்கல் கரடு, அரவை முழுசு. வேர்ல்ட் டவுன்ஃபால், உலக்கையடி சுத்தம், ஒரு பருக்கைகூட மசியாமல் மிச்சமில்லை. லெஃப்ட் ஹேண்ட் பாத், அராவல், முதல் பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் மறுபடி கேட்க வேண்டும்.