ஆறு ஏன் பின்னால் ஓடுகிறது?

பேராக் மாநிலத்தில் கோப்பேங் பக்கம், கம்பார் ஆற்றில் ராஃப்டிங் போயிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். முதல் சரிவில் குலுங்கி இறங்கியதும் வழிகாட்டி படகை ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுக்கினார். யாரும் துடுப்புப் போடவில்லை. ஆனாலும் படகு மெல்ல மெல்ல, வந்த திசைக்கே திரும்பி நகர்ந்தது. அண்ணன் மகன் என் தோளைத் தட்டி, "சித்தப்பா, ஆறு ஏன் பின்னாடி ஓடுது?" என்றான். என் வாயில் பாதி ஆற்றுத் தண்ணீர். பதிலை வீட்டுக்கு வந்துதான் சொல்ல முடிந்தது.

பாறை தண்ணீரை இரண்டாகப் பிளக்கிறது. இரு பக்கமும் வேகமாக ஓடும் நீர், பாறையின் முதுகுப் பக்கத்திலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே மட்டம் கொஞ்சம் தாழ்கிறது. அந்தக் குறையை நிரப்பக் கீழ்ப்பக்கத்து நீர் ஏறி வருகிறது. படகோட்டிகள் இதை 'எடி' என்பார்கள். மூச்சு வாங்கிக்கொள்ள ஆறே போட்டுக்கொடுத்த திண்ணை.

வெள்ளை நுரையின் கதை வேறு. மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அதன் உயரம்தான் கைமுதல். இறங்க இறங்க அதை எங்கேயாவது செலவழித்தே ஆக வேண்டும். ஆழம் குறைந்த நீரில் அலை நகரும் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது: அரை மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 2.2 மீட்டர். பாறை மேலிருந்து சரியும் நீர் அதைவிட வேகமாக ஓடினால், எந்த அலையும் அதை எதிர்த்து மேலே போக முடியாது. அடிவாரத்தில் ஆழமான, மெதுவான நீரில் அது போய் மோதும்போது மட்டம் திடீரென்று எகிறுகிறது. கைமுதலில் ஒரு பங்கு அங்கே சுழலாகவும் இரைச்சலாகவும் கரைகிறது. காற்றும் உள்ளே இழுபடுவதால்தான் வெண்மை. காற்றுக் கலந்த நீர் லேசானது. அதனால் நுரைக்குள் உயிர்காப்புச் சட்டைகூட நம்மை வழக்கம்போல் தூக்கிப் பிடிக்காது.

இதன் குட்டி வடிவத்தை அடுப்படியில் பார்க்கலாம். சின்க்கில் குழாயைத் திறந்தால், விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டமாகத் தண்ணீர் விரையும். கொஞ்சம் தள்ளி ஒரு வரப்புபோலத் தடித்து நிற்கும். அண்ணன் மகனிடம் அந்த வரப்பைக் காட்டித்தான் விளக்கினேன். சின்க்கில் நீரின் பரப்பு இழுவிசைக்கும் பங்கு உண்டு. ஆற்றில் எல்லாம் புவியீர்ப்பின் வேலை.

படகோட்டிகள் நுரையைப் பார்த்தே வழி கண்டுபிடிப்பார்கள். நீர்ப்பரப்பில் தெரியும் அம்புமுனை முன்னோக்கிக் காட்டினால் இரு பாறைகளுக்கு நடுவே வழி இருக்கிறது. முனை நம்மைப் பார்த்து இருந்தால் அந்த முனையில்தான் பாறை.

இயற்கைச் சரிவைவிட எனக்குப் பயம் தருவது, அமைதியாகத் தெரியும் தடுப்பணைதான். கரைக்குக் கரை ஒரே சீராக விழும் நீர், அடியில் ஒரு உருளைபோலச் சுழல்கிறது. மேற்பரப்பு நீர் சுவரை நோக்கியே திரும்பி ஓடுவதால், விழுந்தவரை மறுபடி மறுபடி அருவிக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாறைச் சரிவில் எங்காவது ஒரு சந்து கிடைக்கும். இங்கே அதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் தடுப்பணையில் குளிக்கப் போனவர்கள் பற்றி நாம் படிக்கும் சோகச் செய்திகள் சிலவற்றுக்குப் பின்னால் இந்த உருளை இருக்கலாம்.

பெரிய அணை வந்தால் சரிவின் கணக்கே மாறுகிறது. மின்சாரத்துக்காகக் குழாய்க்குள் திருப்பிவிட்டால், நுரையில் போக வேண்டிய கைமுதல் டர்பைனுக்குப் போய்விடும். பழைய ஆற்றுப்படுகை காய்ந்து கிடக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டலூலா பள்ளத்தாக்கு அப்படித்தான் ஆனது. இப்போது ஏப்ரலிலும் நவம்பரிலும் சில வார இறுதிகளில் அங்கே தண்ணீர் திறக்கிறார்கள். கயாக் என்னும் சிறு படகைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகள் இறங்க வேண்டும். தண்ணீர் இருந்தும் இறங்கப் படி இல்லாவிட்டால் படகோட்டிக்கு அது ஆறே இல்லை. கரை தனியார் வேலிக்குள் இருந்தாலும் அதே கதிதான்.

மேற்கு வர்ஜீனியாவின் காலி (Gauley) ஆற்றில் செய்தது எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். அங்குள்ள சம்மர்ஸ்வில் அணையில், வெள்ளத்துக்கு இடம்விட இலையுதிர்காலத்தில் எப்படியும் மட்டத்தைக் குறைப்பார்கள். 1986இல் வந்த சட்டம், படகோட்டத்தையும் அணையின் நோக்கங்களில் ஒன்றாக்கியது. இப்போது அந்தத் தண்ணீரைக் குறிப்பிட்ட நாள்களில், வழக்கமாக நொடிக்குச் சுமார் 80 கன மீட்டர் வீதம் திறந்துவிடுகிறார்கள். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்று அரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

ஆனால் படகோட்டியின் ஆசையும் ஆற்றின் நலமும் எப்போதும் ஒன்றல்ல. மதகைச் சட்டென்று மூடினால் கரையோரக் குட்டைகளில் மீன்குஞ்சுகள் சிக்கிக்கொள்ளும். அணையின் அடியிலிருந்து வரும் நீர் கோடையில் மிகவும் குளிர்ந்திருக்கலாம். அதனால் மதகை ஏற்றுவதும் இறக்குவதும் படிப்படியாக நடக்க வேண்டும். இதற்காக இரண்டு மணி நேர விளையாட்டை இழந்தாலும் பரவாயில்லை என்பேன்.

சரி, சிங்கப்பூர்? நமக்கு வெள்ளைநீர் ஆறு கிடையாது. மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டலாம், நீர் குளம்போல. ஆனால் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்த இடம் பீஷான்-அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. நம் சிங்கப்பூர்ப் பேச்சில் பெரிய லோங்காங், அதாவது வடிகால். வழவழப்பான நேர்ச் சுவரில் தண்ணீர் கைமுதலைச் செலவழிக்க இடமே இல்லை, அத்தனையையும் கீழே சுமந்து ஓடியது. 2012இல் அதை 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து ஓடவிட்டார்கள். கல், வளைவு, செடிவேர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. மழை பெருகினால் ஆறு புல்வெளியில் ஏறி அகலமாகிறது.

போன மாதம் அங்கே அண்ணன் மகன் ஒரு காய்ந்த இலையை எடுத்து, கல்லுக்குப் பின்னால் போட்டான். இலை அரை வட்டம் அடித்து, ஓட்டத்துக்கு எதிராக ஏறிக் கல்லைத் தொட்டு நின்றது. இரண்டாவது இலையை எடுக்கக் குனிந்தபோது எச்சரிக்கை விளக்கு மின்ன ஆரம்பித்தது. வானத்தைப் பார்த்தேன். மேலே ஏறிவிட்டோம்.