வேற்றுக்கிரகத்துக்கு ஒரு இரும்புக் கோடரி

வேற்றுக்கிரகத்தில் நம்மைவிட எளிய கருவிகளோடு வாழும் ஒரு சமூகத்தைக் கண்டால், நாம் உதவலாமா? இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கோடரி ஞாபகம் வரும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே கேப் யார்க் தீபகற்பம். அதன் மேற்குக் கரையில் வாழ்ந்த யிர் யொரொன்ட் பழங்குடியினரிடம் இருந்தது கல் கோடரி. பிடிக்கு மரம், கட்டுவதற்குப் பட்டை, ஒட்டுவதற்குப் பிசின் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. கல் மட்டும் சுமார் 650 கிலோமீட்டர் தெற்கிலிருந்து கைமாறிக் கைமாறி வரவேண்டும். பதிலுக்கு இவர்கள் கொடுத்தது திருக்கை மீனின் முள் பதித்த ஈட்டி. கோடரியைச் செய்வதும் வைத்திருப்பதும் ஆண்கள். விறகு வெட்டுவது பெண்கள். அடுப்பு எரிய வேண்டுமென்றால் கணவனிடமோ அப்பாவிடமோ அண்ணனிடமோ கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாருக்கு யார் பெரியவர் என்பதை அந்த இரவல் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

1915-இல் அருகில் ஒரு கிறிஸ்தவ மிஷன் அமைந்தது. நல்ல மனதோடுதான் அவர்கள் இரும்புக் கோடரிகளைக் கொடுத்தார்கள், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும்கூட. 1930களில் அங்கே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் லாரிஸ்டன் ஷார்ப் பார்த்தபோது, வயதான ஆண்கள் பெண்களிடமும் பொடியன்களிடமும் கோடரி இரவல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லுக்காகத் தெற்கத்திக் கூட்டாளிகளைத் தேடவேண்டிய தேவை குறைந்ததும், அவர்களோடு கூடும் விழாக்கள் களையிழந்தன. அவர்களிடம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குலமும் முன்னோர் கதையும் உண்டு. இரும்புக் கோடரிக்கு அப்படி ஒரு கதையும் இல்லை. மிச்சமான நேரத்தில் என்ன செய்தார்கள்? தூங்கினார்கள் என்கிறார் ஷார்ப்.

பெண்களுக்கு இரவல் தொல்லை தீர்ந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் மிஷன்காரர்கள் அதை யோசித்துச் செய்யவில்லை. மரம் வெட்ட ஒரு சாமான் கொடுப்பதாகத்தான் நினைத்தார்கள். ஒரே பொருள் ஒரு சமூகத்துக்குள் நாலைந்து வேலை பார்க்கும். வெளியாள் கண்ணுக்கு அதில் ஒன்றுதான் படும்.

சரி, விண்வெளிக்கு வருவோம். 1967-இல் கையெழுத்தான விண்வெளி ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு, மற்ற கோள்களைத் தீங்கு வரும்படி மாசுபடுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் இது கிருமிகளைப் பற்றியது. 1975-இல் செவ்வாய்க்குக் கிளம்பிய வைக்கிங் தரையிறங்கு கலங்களை 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் சூடாக்கிய பிறகே அனுப்பினார்கள். வியாழனின் யூரோப்பா நிலவில் என்றாவது மோதிவிடக் கூடாது என்று, 2003-இல் கலிலியோ கலத்தை வேண்டுமென்றே வியாழனுக்குள் விழச் செய்தார்கள். இருக்கிறதா என்றே தெரியாத நுண்ணுயிருக்கு இவ்வளவு கவனிப்பு. ஒரு சமூகமே எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. வேற்றுலகச் சமிக்ஞை வந்தால் உலக நாடுகள் கலந்து பேசாமல் பதில் அனுப்பக் கூடாது என்று விண்வெளி அறிஞர்கள் 1989-இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். அதற்குச் சட்ட பலம் இல்லை.

அப்புறம், தூரம். டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைப் பூமி அளவிலான ஏழு கோள்கள் சுற்றுகின்றன. அது சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து யாரோ "பயிர் கருகுகிறது, வழி சொல்லுங்கள்" என்று கேட்டால் நம் காதில் விழ 40 வருடம். நம் யோசனை போய்ச்சேர இன்னொரு 40. கேட்டவரின் பேரப்பிள்ளைகள் கையில்தான் அது கிடைக்கும். அது பலித்ததா, கெடுத்ததா என்று நமக்குத் தெரிய மறுபடி 40. மருந்து கொடுத்துவிட்டு எண்பது வருடம் கழித்து நாடி பார்க்கும் வைத்தியரின் நிலைமைதான்.

பக்கத்தில் இருந்தால் பதில் சீக்கிரம் வந்துவிடும். அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் 1991-இல் இந்திய அதிகாரிகள் கொடுத்த தேங்காய்களை, வெளியுலகத்தோடு ஒட்டாமல் வாழும் அந்தத் தீவு மக்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். சில வருடங்களில் அரசு அந்தப் பயணங்களை நிறுத்தியது. தூர நின்று பார்க்கலாம், நெருங்கக் கூடாது என்பதுதான் இன்றைய கொள்கை. 2004 சுனாமிக்குப் பிறகு, அவர்கள் பிழைத்தார்களா என்று பார்க்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் ஒன்று தீவுக்கு மேலே தாழப் பறந்தது. கரைக்கு ஓடிவந்த ஒருவர் அதை நோக்கி வில்லை வளைத்தார். உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஹெலிகாப்டர் திரும்பிவிட்டது.