மலையின் நீலத்தைக் கழிக்கும் கண்ணாடி

காரைக்குடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “டிசம்பர் லீவில் குடும்பத்தோடு மூணாறு போயிருந்தோம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பக்கத்திலேயே வந்து நின்றது. ஆடு அருமையாக விழுந்திருக்கிறது. பின்னால் இருந்த மலைகள் மட்டும் நீலம் பாரித்து வெளுத்துக் கிடக்கின்றன. நேரில் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. கடையில் கேட்டால் போலரைசர் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். விலை நாலாயிரத்துக்கு மேல். அது என்னதான் செய்கிறது? அதையே போட்டோஷாப்பில் செய்துகொள்ள முடியாதா?”

இதில் பாதி பள்ளிக்கூடப் பாடம்தான். காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் ஏறும் என்பது ராலே விதி. ஆகவே 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது, வானம் நீலமாகிறது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்களும், அதே வானம் தரை வரைக்கும் இறங்கியிருக்கிறது என்பதை யோசிப்பதில்லை. உங்களுக்கும் எதிர்மலைக்கும் நடுவே பத்து கிலோமீட்டர் காற்று இருந்தால் அங்கே பத்து கிலோமீட்டர் வானமும் இருக்கிறது. மலையிலிருந்து வரும் ஒளியின் மேல் அந்தக் காற்றின் நீல ஒளி வந்து படிகிறது. நம் மூளை அதை ஓரளவு கழித்துவிட்டுப் பார்க்கும். கேமராவின் சென்சார் கழிக்காது. சமவெளியிலேயே இருக்கும் நமக்கு இது அதிகம் பழக்கமில்லை. சிங்கம்புணரிப் பக்கம் போகும்போது பிரான்மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் லேசாகத் தெரியும். போடி தாண்டி மலை ஏறினால்தான் அதன் முழு அளவு புரியும்.

போலரைசர் அந்த நீலத்தை மட்டும் எப்படிப் பிரித்து எடுக்கிறது? எனக்குச் சலிக்கவே சலிக்காத பகுதி இது. கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

ஒளி ஒரு குறுக்கலை. அது போகும் திசைக்குச் செங்குத்தாகத்தான் அதன் மின்புலம் அதிரும். சூரியன் மேற்கே அடிவானத்தில் இருக்கிறது, ஒளி கிழக்கு நோக்கிப் போகிறது என்று வையுங்கள். அந்த ஒளி மேல்கீழாக அதிரலாம், வடக்குத் தெற்காக அதிரலாம், இரண்டும் கலந்து அதிரலாம். போகிற திசையான கிழக்கு மேற்காக மட்டும் அதிராது. வழியில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைத் தொடுகிறது. அதிலுள்ள எலக்ட்ரான்களும் மேல்கீழாகவும் வடக்குத் தெற்காகவும் ஆட ஆரம்பிக்கின்றன. ஆடும் மின்துகள் தானே ஒளியை வெளியிடும். நாம் சிதறல் என்று சொல்வது அந்தப் புது ஒளியைத்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓர் எலக்ட்ரான், தான் ஆடும் கோட்டின் திசையில் ஒளியை அனுப்பவே முடியாது. அந்தக் கோட்டின் முனையில் நின்று பார்த்தால் அது நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதுமாக இருக்குமே தவிர, பக்கவாட்டில் அசையாது. குறுக்கலைக்கு வேண்டியது பக்கவாட்டு அசைவு. அது இல்லையென்றால் அந்தத் திசையில் அலையும் இல்லை.

இப்போது நீங்கள் வடக்கே திரும்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் மூலக்கூறின் எலக்ட்ரான் இரண்டு விதமாகவும் ஆடுகிறது. வடக்குத் தெற்காக ஆடும் ஆட்டம் உங்களை நோக்கியே இருப்பதால் உங்களுக்கு ஒளி தராது. மேல்கீழ் ஆட்டத்தின் ஒளி மட்டும் வந்து சேரும். ஆக, சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் காற்றிலிருந்து வரும் நீலம் ஏறத்தாழ ஒரே தளத்தில் அதிரும் ஒளி. பாடநூலில் தளவிளைவு என்று படித்தது இதைத்தான். சூரியன் இருக்கும் திசையிலோ நேர் எதிர்த் திசையிலோ பார்த்தால் இரண்டு ஆட்டங்களும் தெரியும், தளவிளைவு இருக்காது. மலைச்சரிவின் புல்லும் பாறையும் திருப்பி அனுப்பும் ஒளி பெரும்பாலும் எல்லாத் தளங்களிலும் அதிரும் கலப்பு ஒளி.

போலரைசர் ஒரே ஒரு தளத்தின் அதிர்வை மட்டும் உள்ளே விடும் தாள். ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு உதறினால், மேல்கீழ் அலை கடந்துபோகும், பக்கவாட்டு அலை கம்பியில் முட்டி நின்றுவிடும், அப்படித்தான். ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டி, காற்றின் நீலம் முட்டி நிற்கும் நிலைக்குத் திருப்பினால் மலையின் ஒளியில் பாதி வந்துவிடும், நீலத்தில் பெரும்பகுதி வராது. முழுக்க ஒழியாது. ஒரு மூலக்கூறில் சிதறிய ஒளி வழியில் இன்னொன்றில் பட்டு மறுபடி சிதறுவதாலும், காற்றில் தூசி இருப்பதாலும் கொஞ்சம் கலப்பு மிஞ்சும்.

மலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு பக்கத்தில் இருந்தால் போதும். அந்தக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் அவ்வளவு வழவழப்பு. முற்றத்து வெளிச்சத்தில் தூண்களின் பிம்பம் தரையில் தெரியும். போலரைசரைக் கண்ணில் வைத்து, தரையைச் சாய்வாகப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் தூண் தரையிலிருந்து மறையும். பூவும் கட்டமும் அப்போதுதான் கழுவிவிட்ட நிறத்தில் எழுந்து வரும். எதிரொளி இப்படி முழுதாக அணையும் பார்வைக் கோணம் கண்ணாடிக்குச் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகை, தண்ணீருக்கு 53. டேவிட் புரூஸ்டர் 1815இல் கண்டுபிடித்ததால் இதற்குப் புரூஸ்டர் கோணம் என்று பெயர். காரணம் அதே எலக்ட்ரான்தான். கல்லுக்குள் நுழைந்த ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அந்தக் குறிப்பிட்ட கோணத்தில், ஒரு வகை ஆட்டத்தின் கோடு எதிரொளி போக வேண்டிய திசையையே நேராகச் சுட்டுகிறது. தன் கோட்டின் திசையில் அது ஒளி அனுப்பாது. ஆகவே தரைக்கு இணையாக அதிரும் ஒளி மட்டும் எதிரொளிக்கிறது. அதை ஃபில்டர் தடுத்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்துப் பாருங்கள். அதன் பளபளப்பு எவ்வளவு திருப்பினாலும் போகாது. உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் இரண்டு தளத்து ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன.

இந்தச் சோதனையை நடுக்கடலில் செய்தவர் சர் சி.வி. ராமன். ஆழ்கடலின் நீலம் வானத்தின் எதிரொளிதான் என்பது ராலேயின் கருத்து. 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பும்போது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு நிக்கோல் பட்டகத்தை (போலரைசரின் வேலையைச் செய்யும் படிகம்) கண்ணில் வைத்து, சரியான கோணத்தில் கடலைப் பார்த்து, வானத்தின் எதிரொளியை ராமன் அணைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டு அந்த வழியிலேயே தொடர்ந்து நடந்தவர் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். 1930இல் நோபல் பரிசு.

ஒவ்வொரு பிப்ரவரி 28 அன்றும் பள்ளிகளில் அறிவியல் தினப் பேச்சுப்போட்டி நடக்கிறது. ராமனின் பிறந்த ஊரும் பரிசின் ஆண்டும் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் கையில் இருந்த அந்தச் சின்னக் கருவியை எத்தனை பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள்? அதே வேலையைச் செய்யும் ஒரு போலராய்டு தாளுக்குச் சில நூறு ரூபாய் போதும். பழுதான கால்குலேட்டரின் திரையில் ஒட்டியிருக்கும் படலமே வேலை செய்யும். 1948இல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர்; காரைக்குடியில் ‘சிக்ரி’ வந்தது அப்படித்தான். அந்த ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளிலாவது ஆய்வகச் சாமான்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஆராய்ச்சிக்குப் பெரிய பெரிய கட்டடங்கள் வேண்டும்தான்; எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு ஒரு தாள் போய்ச் சேர்வதும் அதே அளவு முக்கியமான செலவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, பூங்காவுக்குத் திரும்புவோம். சூரியனை ஆட்காட்டி விரலால் சுட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்கோணத்தில் நீட்டுங்கள். மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டிக்கொண்டு போகும் வட்டத்தில்தான் ஃபில்டர் நன்றாக வேலை செய்யும். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது வடக்கிலும் தெற்கிலும் உள்ள மலைகளை எடுங்கள். மிக அகலமான லென்ஸ் வேண்டாம். வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்றது வெளிறியும் திட்டாக வரும். மழை ஓய்ந்த சோலைக்காட்டில், இலையின் மெழுகுப் பூச்சில் பட்டுத் தெறிக்கும் வெள்ளை வெளிச்சத்தை ஃபில்டர் எடுத்துவிடும். அடியில் இருக்கும் பச்சை அப்படியே தெரியும். மூடுபனியில் மட்டும் அதற்கு வேலையில்லை. பனித்துளி மூலக்கூறைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. துளிக்குத் துளி பட்டுப் பட்டு வருவதால் தளமெல்லாம் கலைந்துவிடும்.

விலங்கை எடுக்கும்போது கழற்றிவிடுவதுதான் நல்லது. போலரைசர் சுமார் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகக் குறைவது). 1/1000 நொடி வைத்திருந்த ஷட்டர் 1/350க்கு இறங்கிவிடும். முதுகில் வெளிறிய சேணம்போல் மயிர் படர்ந்த கிடா ஒன்று பாறைக்குப் பாறை தாவும் நேரத்தில் அது போதாது. ஆடு புல் மேய்ந்துகொண்டு நிற்கிறது, பின்னால் 2695 மீட்டர் ஆனைமுடி தெளிவாகத் தெரிகிறது என்றால் மாட்டிக்கொள்ளுங்கள். குட்டி போடும் பருவத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டு போங்கள். வாங்கும்போது ‘சர்க்குலர்’ வகை கேளுங்கள். வழக்கமாகக் கேமராவில் மாட்டும் பக்கத்தைக் கண்ணுக்கு வைத்து ஒரு எல்சிடி திரையைப் பார்த்தபடி திருப்பினால், நல்ல ஃபில்டரில் திரை இருண்டு போகும்.

போட்டோஷாப்? காண்ட்ராஸ்டைக் கூட்டி மூட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் சென்சார் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும்தான் எழுதிவைக்கிறது; அது எந்தத் தளத்தில் அதிர்ந்தது என்ற குறிப்பு கோப்பில் எங்குமே இல்லை. மலையின் ஒளியும் காற்றின் ஒளியும் ஒரே எண்ணாகக் கூடிப்போன பிறகு மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். தேனீக்கு இந்தக் குறிப்பு பிறவியிலேயே படிக்கத் தெரியும். அதன் கூட்டுக்கண்ணின் மேல்விளிம்பில் வான ஒளியின் தளத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. சூரியன் மேகத்துக்குள் போனாலும் நீலவானத்தில் ஒரு துண்டு தெரிந்தால் கூட்டுக்கு வழி பிடித்துவிடும். இதை நிறுவிய கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அருவி பக்கம் வானவில் தெரிந்தால் அவசரப்பட்டு கிளிக் செய்யாமல் ஃபில்டரைச் சுழற்றிப் பாருங்கள். மழைத்துளியின் உள்ளே ஒளி எதிரொளிக்கும் கோணம் புரூஸ்டர் கோணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் வானவில்லின் ஒளி வில்லின் வளைவை ஒட்டியே அதிரும். ஃபில்டர் ஒரு நிலையில் உச்சியைப் பளிச்சென்று காட்டி கால்களை மங்கவைக்கும், இன்னொரு நிலையில் கால்களைக் காட்டி உச்சியை அழித்துவிடும். முழு வில்லும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள்.