தட்டு உருளாது, மடிவுதான் நகரும்

"ஏனுங்க சார், அத்தனை பெரிய தட்டு உருண்டு எங்கீங்க போகும்?" ஈரோட்டில் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது; அவற்றில் ஒன்று இன்னொன்றின் அடியில் அமிழும்போது நடக்கும் ஒன்றுக்கு, அவள் கையிலிருந்த மொழிபெயர்ப்புக் குறிப்பில் 'தட்டுப் பின்னுருளல்' என்று போட்டிருந்தது. இந்தச் சொல்லை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

ஆங்கிலத்தில் ரோல்பேக். 'ரோல்' என்பதன் வேர், சிறு சக்கரத்தைக் குறித்த லத்தீன் சொல். 'பேக்' என்றால் பின்னால். இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

நடப்பது வேறு. பவானியில் ஆற்றில் ஜமுக்காளம் அலசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரித்து மிதக்கவிட்டால் நனைந்த முனை முதலில் முழுகும். தொங்கும் பக்கம் கனக்கக் கனக்க, துணி மடியும் கோடு மிதக்கும் பக்கமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். துணி உருள்வதே இல்லை. பழைய, குளிர்ந்து கனத்த கடல்தட்டும் அப்படித்தான் அமிழ்கிறது. அது மடியும் இடம்தான் அகழி. மடிவு கடல் பக்கமாக நகரும்போது மேல்தட்டின் விளிம்பும் கூடவே இழுபடுகிறது. அந்தத் தட்டின்மேல் அகழியை ஒட்டி வில்லாய் வளைந்து நிற்கும் எரிமலை வரிசைதான் எரிமலை வில்; அதன் பின்புறம் மெலிந்து கிழிகிறது. கிழிந்த இடத்தில் கீழிருந்து சூடான பாறை ஏறி, உருகி, புதுக் கடல்தளமாகிறது. பசிபிக் கடலில் டோங்கா அகழிக்கு மேற்கே லாவ் படுகையின் வடபகுதி ஆண்டுக்கு 16 செ.மீ. வரை இப்படி விரிகிறது.

சிலர் 'பின்வாங்கல்' என்கிறார்கள். உருளலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனாலும் சொன்ன வாக்கிலிருந்து பின்வாங்குவது, படை பின்வாங்குவது என்று அதில் ஒரு மனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ எதிர்த்துத் தள்ளியதுபோலவும் கேட்கிறது. இங்கே தள்ளுவார் யாருமில்லை, தட்டு தன் கனத்தால் இறங்குகிறது. அதனால் நான் 'அகழிப் பின்னகர்வு' என்கிறேன். வகுப்பில் 'மடிவு நகர்தல்'. இரண்டுமே பார்த்ததைச் சொல்லும் தமிழ். தூய தமிழாக இருந்தால் மட்டும் போதாது, காட்சி தெரிய வேண்டும். அகராதியைத் திறப்பவர்கள் அந்தப் பொருளையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?

அப்புறம், வில்லுக்குப் பின்னால் விரிவது எல்லாவற்றுக்கும் இதையே பெயராக வைத்துவிடவும் கூடாது. அந்தமான் கடலில் கதை வேறு: இந்தியத் தட்டு சாய்வாக அமிழ்வதால் மேல்தட்டின் விளிம்பு வடக்கே இழுபட்டு, சுமார் 40 லட்சம் ஆண்டுகளாகக் கடலடி விரிகிறது. நிகழ்வுக்குப் பொதுப்பெயர் 'பின்வில் விரிவு'. அகழிப் பின்னகர்வு அதன் காரணங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் இந்த வில்லுக்கு ஆர்க் என்று பெயர்; அதன் லத்தீன் மூலமும் வில்தான், அதனால் 'பின்வில்' பழுதில்லை.

அதே குறிப்பில் அடுத்த வரி 'பின்வில் வடிநிலம்'. ஆங்கில 'பேசின்' என்பதை அப்படிப் பெயர்த்திருந்தார்கள். காவிரிக்கு வடிநிலம் உண்டு, மழைநீர் வடிந்து ஆற்றில் சேர்கிறது. கடலுக்கடியில் எந்த நீர் எங்கே வடியும்? அடித்துவிட்டுப் 'படுகை' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.