இயற்பியல் படத்தை நிரலாக எழுதுவது

சாய்தளத்தின் மேல் ஒரு கட்டை நிற்கிறது. எடை நேர் கீழே, செங்குத்து விசை தளத்திலிருந்து வெளிநோக்கி, உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. மவுஸால் இழுத்து வரைந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாய்கோணம் 30 டிகிரி வேண்டாம், 40 வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் தொல்லை. கட்டையைத் திருப்ப வேண்டும், அம்புகளைத் திருப்ப வேண்டும், அவற்றின் நீளங்களையும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் கடைசி வேலை மறந்துபோகும். கட்டை ஓய்வில் இருப்பதாகத் தலைப்பு சொல்லும். படத்திலுள்ள அம்புகளைக் கூட்டினால் சுழியம் வராது.

நிரலில் எழுதும்போது பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுதான்: இயற்பியல் கணக்கிட்டுத் தரக்கூடிய எந்த எண்ணையும் கையால் எழுதக் கூடாது. மேலுள்ள படத்துக்குக் கையால் எழுத வேண்டியவை இரண்டே எண்கள். கோணம் 30, எடை அம்பின் நீளம் 3 செ.மீ. செங்குத்து விசையின் நீளம் 3 பெருக்கல் கொசைன் 30, அதாவது 2.6 செ.மீ. உராய்வின் நீளம் 3 பெருக்கல் சைன் 30, அதாவது 1.5 செ.மீ. கோணத்தை 40 ஆக்கினால் அவை தாமாகவே 2.3, 1.93 என்று மாறிக்கொள்ளும்.

கருவி எதுவாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். கட்டளைகளால் ஆவணம் அமைக்கும் மென்பொருளான லாடெக்கின் ஆவணத்துக்குள்ளேயே படம் வேண்டுமென்றால் டிக்ஸ் என்ற வரைகட்டளைத் தொகுப்பு. முப்பரிமாணம் வேண்டுமென்றால் அசிம்ப்டோட் என்ற வரைமொழி. கணக்கு கனமாக இருந்தால் பைத்தான் நிரல்மொழியும் அதன் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பும். டில் டான்டாவ் உருவாக்கிய டிக்ஸின் பெயரே 'டிக்ஸ் ஒரு வரையும் செயலி அல்ல' என்று பொருள்படும் ஜெர்மன் வாக்கியத்தின் சுருக்கம். நகைச்சுவைதான், ஆனால் உண்மையும்கூட.

சாய்தளத்தை வரைய எளிய வழி, ஆய அச்சுகளையே சாய்கோண அளவுக்குச் சுழற்றிவிடுவது. சுழற்றிய அச்சுகளில் தளம் ஒரு கிடைக்கோடு, கட்டை சாதாரணச் செவ்வகம், செங்குத்து விசையின் திசை 90 டிகிரி, தளம் வலப்பக்கம் உயர்ந்தால் உராய்வின் திசை 0. எடையில்தான் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுகிறார்கள். அச்சுகளோடு சேர்ந்து அதுவும் சுழன்று, தளத்துக்குச் செங்குத்தாகப் போய் நிற்கும். அதை −90 டிகிரியில் அல்ல, −90 கழித்தல் சாய்கோணத்தில் வரைய வேண்டும். கட்டையின் மையத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, சுழற்சிக்கு வெளியே வந்து அங்கிருந்து நேர் கீழே வரைவது இன்னும் பாதுகாப்பானது.

கோணத்தின் அலகு இன்னொரு குழி. டிக்ஸின் சைன் சார்பு டிகிரியை எதிர்பார்க்கும். பைத்தானின் சைன் ரேடியனை எதிர்பார்க்கும். பைத்தானில் 30 என்று அப்படியே கொடுத்தால் −0.988 வரும். உராய்வு அம்பு சரிவில் கீழ்நோக்கிப் பாயும், நீளமும் ஏறக்குறைய இருமடங்காகும். இணையப் பக்கங்களுக்கான எஸ்விஜி வடிவத்தில் வேறொரு வேடிக்கை. அங்கே ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடும். மேலே எறிந்த பந்து தரைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தால் காரணம் அதுதான்.

ஒளிவிலகல் படத்தில் கோணத்தை எங்கிருந்து அளப்பது என்பது முக்கியம். ஒளிவிலகலுக்கான ஸ்நெல் விதி, பரப்புக்கு வரைந்த செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்கிறது. நிரல் எக்ஸ் அச்சிலிருந்து அளக்கிறது. காற்றிலிருந்து 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடிக்குள் 45 டிகிரியில் நுழையும் கதிர் 28.1 டிகிரியில் விலகும். கிடைமட்டப் பரப்பின் மேல் இடப்பக்கத்திலிருந்து கதிர் வந்தால், நிரலுக்குத் தர வேண்டிய திசை −90 கூட்டல் 28.1, அதாவது −61.9. இப்போது கண்ணாடியிலிருந்து காற்றுக்குக் கதிரை அனுப்பிக் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். 41.8 டிகிரியைத் தாண்டியதும் பைத்தானின் கணித நூலகம் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும், ஏனெனில் எந்தக் கோணத்தின் சைனும் 1-ஐத் தாண்டாது. பைத்தானின் எண்கணிப்பு நூலகமான நம்பையோ ஓர் எச்சரிக்கையோடு விடையை 'எண் அல்ல' என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். படத்தில் விலகிய கதிர் மட்டும் இருக்காது. பிழை நிரலில் இல்லை. முழு அக எதிரொளிப்பு நடக்கும் இடத்தில் விலகிய கதிரைக் கேட்டோம், அவ்வளவுதான்.

குவிலென்ஸும் இதே போலத்தான். மெய் பிம்பத் தொலைவை நேர்குறியாகக் கொள்வோம். குவியத்தூரம் 2 செ.மீ., பொருள் 3 செ.மீ. தொலைவில் என்றால் பிம்பம் 6 செ.மீ.யில், தலைகீழாக, இருமடங்கு உயரத்தில். பொருளை 1.5 செ.மீ.க்கு நகர்த்தினால் விடை −6. மாய பிம்பம், கதிர்களைப் பின்னோக்கிப் புள்ளிக்கோட்டில் நீட்ட வேண்டும். ஆகவே குறியைப் பார்த்துக் கோட்டின் பாணியைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை ஒன்று நிரலில் தேவை. சரியாக 2 செ.மீ.யில் வைத்தால் சுழியத்தால் வகுக்கும் பிழை. 2.005-இல் வைத்தாலோ பிம்பம் 8 மீட்டருக்கு அப்பால் போகும். லாடெக்கின் அடித்தளமான டெக் அனுமதிக்கும் மிகப்பெரிய நீளம் ஏறத்தாழ 5.75 மீட்டர்தான் என்பதால் 'அளவு மிகப் பெரிது' என்று அது மறுத்துவிடும். கதிரைப் பிம்பப் புள்ளி வரை இழுக்காமல், சரிவை மட்டும் கணக்கிட்டுத் தாளின் விளிம்போடு நிறுத்துவதே சரி.

வளைகோடுகளில் டிக்ஸ் இயல்பாக 25 புள்ளிகளை மட்டுமே கணக்கிட்டு இணைக்கும். பத்து அலைகள் கொண்ட சைன் கோட்டுக்கு அலை ஒன்றுக்கு இரண்டரைப் புள்ளி கிடைக்கும்; வருவது அலையல்ல, உடைந்த ரம்பம். அலைக்கு 20 புள்ளியாவது வேண்டும். எறிபொருளின் பாதைக்கு மட்டும் புள்ளிகளே தேவையில்லை. பரவளையம் இருபடி பெசியே வளைவாக, அதாவது மூன்று புள்ளிகளால் வரையறுக்கப்படும் வளைவாக, துல்லியமாக அமையும். தொடக்கப் புள்ளி, விழும் புள்ளி, அவ்விரண்டிலும் வரைந்த தொடுகோடுகள் வெட்டும் புள்ளி ஆகிய மூன்றும் போதும். 45 டிகிரியில் எறிந்து வீச்சு 8 செ.மீ. என்றால் அந்த வெட்டுப்புள்ளி கிடையாக 4, உயரத்தில் 4. பாதையின் உச்சம் 2.

மின்புலக் கோடுகளில்தான் அழகான படம் பொய் சொல்லும். மேட்பிளாட்லிப்பின் ஓட்டக்கோட்டுக் கட்டளை கண்ணுக்குச் சீராகத் தெரியும்படி கோடுகளைப் பரப்பும். கோடுகள் நெருங்கிய இடத்தில் புலம் வலிமையானது என்ற பாடத்தை அது கவனிப்பதில்லை. வழியில் தொடங்கி வழியிலேயே முடியும் கோடுகளும் வரும். அதைவிட, நேர்மின்னூட்டத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டத்தில் தொடங்கி, புலத்தின் திசையிலேயே சிறு அடிகளாக நடந்து, எதிர்மின்னூட்டத்துக்கு அருகில் நிறுத்துவது மேல். ஒவ்வோர் அடியும் தொடுகோட்டின் திசையில் நேராகவே போனால் வளைவின் வெளிப்பக்கமாகப் பாதை விலகிக்கொண்டே போகும். ஓர் அடிக்குள் நான்கு முறை திசையைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கும் நான்காம் படி ரங்கே-குட்டா முறை அந்த விலகலை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடும். அடியின் நீளத்தை நிலையாக வைக்கப் புலத்தின் திசையன்களை ஓரலகு நீளமாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மின்னூட்டத்தின் அருகே ஒரே அடியில் தாளைத் தாண்டிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சும். +3 அலகு, −1 அலகு என இரு மின்னூட்டங்கள். நேர்மின்னூட்டத்திலிருந்து 24 கோடுகள் புறப்பட்டால், மூன்றிலொன்று, அதாவது 8 கோடுகள் எதிர்மின்னூட்டத்தில் முடிய வேண்டும். அச்சின் இருபுறமும் 7.5 டிகிரியில் தொடங்கி 15 டிகிரி இடைவெளியில் கோடுகளைக் கிளப்பினால் 10 கோடுகள் போய்ச் சேரும். நிரலில் தவறு தேடிப் பயனில்லை. புலம் முப்பரிமாணத்தில் பரவுகிறது. நாம் வரைவது அதன் ஒரு வெட்டுமுகம். தொடக்கக் கோணங்களைச் சமமாகப் பிரிக்காமல் அவற்றின் கொசைன்களைச் சமமாகப் பிரித்தால் (மேற்பாதியில் 11/12, 9/12, 7/12 என்று) சரியாக 8 வரும். விலை: அச்சின் அருகே கோடுகள் அரிதாகிப் படம் சற்று வெறிச்சோடும். எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் படம் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

அச்சுகளின் விகிதத்தைச் சமமாக்க மறக்க வேண்டாம். மேட்பிளாட்லிப் தானாகப் படத்தைப் பெட்டிக்குள் இழுத்துப் பொருத்தும். வட்டம் நீள்வட்டமாகும், சமமின்னழுத்தக் கோடுகள் புலக் கோடுகளைச் செங்கோணத்தில் வெட்டாது.

படத்தின் இறுதி அகலத்தையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். மேட்பிளாட்லிப்பின் இயல்பான அகலம் 6.4 அங்குலம், எழுத்தளவு 10 புள்ளி. அதை 8 செ.மீ. பத்திக்குள் சுருக்கினால் எழுத்து 5 புள்ளிக்கும் கீழே போய்விடும். 3.15 அங்குலத்திலேயே வரைந்தால் 10 புள்ளி 10 புள்ளியாகவே அச்சாகும்.

பெயர்களைத் தமிழில் எழுதுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் கட்டங்கள்தான் வரும். தமிழ் எழுத்துருவைச் சுட்டிய பிறகும் 'கோணம்' என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்; எழுத்துகளைக் கோத்து உருவமைக்கும் வேலையை அந்த நூலகம் நெடுங்காலம் செய்ததில்லை. லாடெக்கின் வகைகளில் சீலாடெக்கைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. லுவாலாடெக் என்ற வகை என்றால் எழுத்துருவை அழைக்கும் வரியில், எழுத்துகளைக் கோத்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.